ஊமைச்சி காட்டில் கேட்ட குரல்

காலையில் எழுந்ததும் நவநீதன் வெந்நீர் வைப்பான். அது கொதிப்பதற்குள் பல் துலக்கிவிடுவான். இரண்டு பாட்டில்களில் தண்ணீர் பிடிப்பான்; பிறகு ஒன்றைத் திரும்பக் குடத்தில் ஊற்றுவான். டீயை நின்றபடியே குடிப்பான். பூட்ஸைக் கவிழ்த்துத் தட்டி, உள்ளே தேள் இல்லை என்று பார்த்துவிட்டு மாட்டிக்கொள்வான். பின்பக்கக் கொட்டகைக்குப் போய் ஆமைகளின் சார்ஜர்களைக் கழற்றுவான்.

ஆமைகள் பன்னிரண்டு. அந்த இயந்திரங்களைச் செய்த நிறுவனம் வைத்த பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. ஆமை என்று பெயர் வைத்தவர் வேட்டைத் தடுப்புக் காவலர் சடையன். முழங்காலுக்குக் கீழேதான் உயரம். முதுகில் ஓடு, ஓட்டுக்கடியில் ஆறு கால், முன்னால் மரத்தைத் துளைக்க ஓர் ஊசி, வயிற்றில் களைக்கொல்லி. சார்ஜரைக் கழற்றியதும் ஒவ்வொன்றும் தன் பாடத்தை ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்ளும்.

"எடு. இருக்கட்டும்."

அவன் மனைவி தாரணியின் குரல். ஒன்று முடித்ததும் அடுத்தது. பன்னிரண்டும் சொல்லி முடித்துவிட்டு வரிசையாகக் காட்டுக்குள் இறங்கும். தாரணி செத்து எட்டு மாதம் ஆகியிருந்தது. முதல் வாரம் நவநீதன் காதில் பஞ்சு வைத்துக்கொண்டுதான் கொட்டகைக்குப் போனான். இப்போது வைப்பதில்லை. பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் மாதிரி ஆகிவிட்டது.

கரடிப்பள்ளம் காப்பகத்தில் முதல் மஞ்சக்கொன்னையை நட்டது யாரென்று தெரியாது. பூ அழகாக இருக்கிறதே என்று விருந்தினர் விடுதி வாசலில் யாரோ வைத்தது என்பார்கள். வேற்று நாட்டு மரம். அதைத் தின்ன இங்கே ஒரு பூச்சி இல்லை. மான் முகர்ந்துகூடப் பார்க்காது. அதன் நிழலில் புல் முளைக்காது. நாற்பது வருஷத்தில் அது பாதிக் காட்டை விழுங்கியது. புல் போனதும் மான் போனது. மான் போனதும் புலி ஊருக்குள் மாட்டுப்பட்டிக்கு வந்தது. வெட்டினால் ஒன்றுக்குப் பத்தாகத் துளிர்த்தது. தண்டைத் துளைத்து உள்ளே மருந்து வைத்தால்தான் சாகும். அதற்குத்தான் ஆமைகள்.

ஆனால் சரக்கொன்றை என்று ஒன்று இருக்கிறது. அது இந்த மண்ணின் மரம். வெயிலில் வளர்ந்தால் இரண்டையும் குழந்தைகூடப் பிரித்துச் சொல்லும். இருட்டு நிழலில் வளர்ந்த கன்றுகள் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் போல இருக்கும். தாரணி இலையின் அடிப்புறத்தைக் கட்டைவிரலால் ஒரு தேய் தேய்த்துச் சொல்லிவிடுவாள். அவள் தாவரவியல் படித்தவள். கேமராவும் மைக்கும் வைத்துத் தைத்த கையுறை ஒன்றை நிறுவனம் கொடுத்தது. அதைப் போட்டுக்கொண்டு இரண்டு மழைக்காலம் காடெல்லாம் நடந்தாள். தொட்டாள்; மஞ்சக்கொன்னை என்றால் 'எடு', கொன்றை என்றால் 'இருக்கட்டும்' என்று சொன்னாள். ஆமைகள் அவள் கையைப் பார்த்தும் குரலைக் கேட்டும் கற்றுக்கொண்டன. அவற்றைப் பழுது பார்க்கிற வேலை நவநீதனுக்கு. ஒரே கல்லூரி, ஒரே வேலை, ஒரே குவார்ட்டர்ஸ்.

விஷம் சுமக்கிற இயந்திரம் என்பதால் சட்டம் கடுமை. கற்றுக்கொடுத்தவரின் குரலுக்கு மட்டும்தான் அது கீழ்ப்படியலாம். மருந்து வைக்குமுன் அந்த உத்தரவை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், பக்கத்தில் ஆள் இருந்தால் விலகிக்கொள்வதற்காக. ஆகவே எட்டு மாதமாகத் தாரணி காட்டில் பேசிக்கொண்டுதான் இருந்தாள்.

ஆனி மாதத்தில் ஒரு நாள் ரேஞ்சர் ஹெலன் ஜீப்பில் வந்து இறங்கினார். கூடவே நிறுவனத்து இன்ஜினியர் விஷாகன், கையில் டேப்லெட்டோடு.

"நவநீதன், உங்க ஆமைங்க வேலை செய்யலை," என்றார் ஹெலன். அவர் சுற்றி வளைத்துப் பேசுகிறவர் அல்ல.

"தினமும் போயிட்டுத்தான் வருது மேடம்."

"போகுது. வெயில்ல நிக்கிறதைக் கொல்லுது. நிழல்ல நிக்கிற மஞ்சக்கொன்னையைத் தொட மாட்டேங்குது. மேல பெரிய மரம் செத்ததும் கீழ இருக்கிற கன்னுக்கெல்லாம் வெளிச்சம் கிடைச்சு எந்திரிக்குது. நாம கொன்னதைவிட முளைச்சது ஜாஸ்தி."

வாசல்படியில் உட்கார்ந்து பீடிக் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்த சடையன் சிரித்தார். "ஆமைக்கும் ஃபாரஸ்ட்டு புத்தி வந்துருச்சுங் மேடம். வெளிச்சத்துல ஆப்புட்டவன் மேல மட்டுந்தான் கேசு."

ஹெலன் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு விஷாகன் பக்கம் திரும்பினார். "சொல்லுங்க."

"தாரணி அக்காவோட கடைசி நாள் பதிவுலதான் பிரச்சினை ப்ரோ," என்றான் விஷாகன். "அன்னைக்கு முன்னூறு செடிகிட்டத் தொட்டிருக்காங்க. ஒண்ணுக்குக்கூட எதுவும் சொல்லலை. சொல்லலைன்னா 'இருக்கட்டும்'னு அர்த்தம். நாமதான் அப்படி வெச்சோம், சந்தேகம்னா கொல்ல வேண்டாம்னு. அந்த முன்னூறும் நல்ல இருட்டுல நின்னது. அதனால இருட்டுல நிக்கிறதை எல்லாம் விட்டுரணும்னு இதுங்க கத்துக்கிச்சு. கடைசியாக் கத்துக்கிட்ட பாடத்தைத்தான் ரொம்ப நம்பும்."

"அன்னைக்குப் பதிவு எப்படி வந்துச்சு?" என்றார் ஹெலன். "அன்னைக்குத்தானே அவங்க..."

"கையுறையைச் சார்ஜ்ல போட்டாத் தானா அனுப்பிரும் மேடம். யாரோ போட்டிருக்காங்க."

"நான்தான்," என்றான் நவநீதன்.

ஆஸ்பத்திரியில் அவள் பொருள்களை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்து, தினமும் சாயங்காலம் செய்கிற மாதிரி, கையுறையைத் துடைத்துச் சார்ஜில் போட்டான். பச்சை விளக்கு எரிந்தது. அதற்கப்புறம்தான் உட்கார்ந்தான்.

"ஏன் பேசலைன்னுதான் புரியலை," என்றான் விஷாகன். "மைக் ரிப்பேரா இருக்குமோ?"

சடையன் பீடியைப் பற்ற வைக்காமல் காதில் செருகிக்கொண்டார். "மைக்கு நல்லாத்தானுங் இருந்திருக்கும். அது ஊமைச்சி காடுங்க."

சடையனுடைய ஊர்க்காரர்களின் தெய்வம் ஊமைச்சியாத்தா. ஒரு கிழட்டுச் சரக்கொன்றை, அதன் வேரடியில் ஒரு கல். அவ்வளவுதான் கோயில். அந்தக் காட்டுக்குள் யாரும் வாய் திறக்கக் கூடாது. பள்ளத்து ஓடையைத் தாண்டும்போது ஒரு கூழாங்கல்லை எடுத்து வாயில் போட்டுக்கொள்வார்கள். காட்டைக் கடந்து அந்தப் பக்கம் போய்த்தான் துப்புவார்கள். மற்றக் காட்டில் நடக்கும்போது இருமிக்கொண்டு, கம்பால் தட்டிக்கொண்டு, வாய் ஓயாமல் பேசிக்கொண்டு போவது வழக்கம். யானை இருந்தால் விலகிக்கொள்ளும். ஊமைச்சி காட்டில் மட்டும் அது இல்லை. முன்காலத்தில் தேவையும் இல்லை. கொன்றை மரங்களுக்கு நடுவே தூரத்தில் நிற்கிற யானைகூடத் தெரியும். மஞ்சக்கொன்னை புகுந்த பிறகு கை நீட்டினால் விரல் தெரியாது.

தாரணி அந்தக் காட்டுக்குள் போனது அந்த ஒரு தரம்தான். கல்லை வாயில் போட்டுக்கொண்டு சடையனுக்குப் பின்னால் நடந்தாள். நடக்கும்போது இரண்டு பக்கமும் இலைகளைத் தேய்த்துக்கொண்டே போவது அவள் பழக்கம். அவள் சத்தமில்லாமல் போனாள். யானையும் சத்தமில்லாமல் நின்றிருந்தது. நடுவில் மஞ்சக்கொன்னை இருந்தது.

இழவு வீட்டில் தாரணியின் அம்மா சடையனைப் பிடித்துக்கொண்டு, எம்பொண்ணு கடைசியா என்ன சாமி சொன்னா என்று கேட்டார். "அம்மாவப் பாத்துக்கச் சொல்லுன்னு சொல்லுச்சுங்" என்றார் சடையன். நவநீதன் அப்போது பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். அது பொய் என்று அவனுக்குத் தெரியும். தாரணிக்கும் அவள் அம்மாவுக்கும் ஒரு வருஷமாகப் பேச்சு இல்லை.

"இப்ப என்ன செய்யணும்?" என்று கேட்டான்.

"முதல்லேருந்து கத்துக்குடுக்கலாம். வேற ஆள், வேற குரல். ரெண்டு வருஷம் ஆகும்," என்றான் விஷாகன்.

"ரெண்டு வருஷம் எங்கே இருக்கு?" என்றார் ஹெலன். "இந்த மழைக்குள்ள பலன் தெரியலைன்னா திட்டத்தை மூடிருவாங்க. புல்டோசர் விட்டு மொத்தமாச் சுரண்டறதுக்கு மேல ஃபைல் ரெடியா இருக்கு. அது கொன்னையையும் கொன்றையையும் பிரிச்சுப் பாக்காது."

விஷாகன் டேப்லெட்டைத் துடைத்தான். "இன்னொரு வழி இருக்கு. அக்காவோட குரல் ரெண்டு வருஷத்துக்கு நம்மகிட்ட இருக்கு. அதை வெச்சு அவங்க பேசற மாதிரியே செய்யலாம். அந்த முன்னூறு இடத்துலயும் பேசாம விட்டாங்க இல்லையா, அங்க பேச வெச்சிரலாம். வாரிசு சம்மதிச்சாப் போதும். சட்டப்படி நீங்கதான்."

"எதுக்கு எடுன்னு சொல்லணும், எதுக்கு இருக்கட்டும்னு சொல்லணும்னு யார் முடிவு பண்றது?"

"படத்தைப் பாத்துக் கம்ப்யூட்டரே பிரிச்சிரும். நூத்துக்குத் தொண்ணூறு கரெக்டா வரும்."

"மீதிப் பத்து?"

"புல்டோசர் வந்தா நூறும் போயிரும் ப்ரோ."

மாதிரிக்கு ஒன்றை ஓட்டிக் காட்டினான். "எடு" என்றாள் தாரணி.

நவநீதன் கேட்டுக்கொண்டிருந்தான். "மூச்சு வாங்கலை," என்றான்.

"என்ன ப்ரோ?"

"மேடு ஏறிக்கிட்டேதான் சொல்லுவா. மூச்சு வாங்கும்."

"அது ஈசி. சேத்துரலாம்." திரையில் எதையோ இழுத்துவிட்டான். மறுபடி ஓட்டினான். இப்போது மூச்சு வாங்கியது. அவளேதான்.

சடையன் எழுந்து போனார். நவநீதன் திரையில் வந்த சம்மதப் பக்கத்தில் கட்டைவிரலை வைத்தான்.

வேலை நடந்தது. ஆடி, ஆவணி இரண்டு மாதமும் ஆமைகள் நிழலுக்குள் புகுந்து புகுந்து வந்தன. தினமும் மருந்து நிரப்ப வேண்டியிருந்தது. புரட்டாசியில் ஹெலன் ஒரு படம் அனுப்பினார். விடுதிக்குப் பின்னால், செத்த கொன்னைகளின் நடுவே முழங்கால் புல்; புல்லில் ஆறு புள்ளிமான். கீழே எழுதியிருந்தார்: "தாரணி இருந்திருந்தா ஆடியிருப்பாங்க." ஆடியிருக்க மாட்டாள், கிட்டப் போய் அது என்ன புல் என்று பார்த்திருப்பாள். அவன் "நன்றி மேடம்" என்று பதில் போட்டான்.

அந்த வாரம் நாலு நாள் சடையன் வேலைக்கு வரவில்லை. ஐந்தாவது நாள் வந்தார். உட்காரவில்லை.

"சாரு, ஒரெட்டு ஊமைச்சி காடு வரைக்கும் வரோணும்."

"என்ன ஆச்சுண்ணா?"

"எங்க பொம்பளைக பூசைக்குப் போனாங்க. உள்ள நம்ம தாரணி அம்மிணி பேசுதாம். அம்மிணி பேயா வந்து ஆத்தாள எடுக்கச் சொல்லுதுன்னு ஊரே பயந்து கெடக்குது. எம்பட சம்சாரம் ரெண்டு நாளா அடுப்புப் பத்த வெக்கலை. அம்மிணிக்கு ரெண்டு தடவ களி கிண்டிப் போட்டவ அவ. அந்தப் புள்ளயா இப்பிடிப் பண்ணுதுன்னு கேக்கறா. நான் என்னத்தச் சொல்றது?"

பள்ளத்து ஓடையில் தண்ணீர் கணுக்கால் அளவு. சடையன் குனிந்து ஒரு கல்லை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். நவநீதன் இதுவரை இந்தக் காட்டுக்குள் வந்ததில்லை. அவனும் ஒன்றை எடுத்தான். வழவழப்பாக, சில்லென்று நாக்கின் மேல் உட்கார்ந்தது.

உள்ளே மஞ்சக்கொன்னைகள் காய்ந்து நின்றன. நடுநடுவே காய்ந்து நின்ற கன்றுகளில் சரக்கொன்றையும் இருக்கலாம். நவநீதன் ஓர் இலையைப் பறித்துக் கட்டைவிரலால் அடிப்புறத்தைத் தேய்த்தான். அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. சருகு நொறுங்கியது.

அப்போது குரல் கேட்டது.

"எடு."

முன்னால் நடந்த சடையனின் தோள் ஒடுங்கியது. நவநீதன் அவரைத் தாண்டி ஓடினான். கிழட்டுச் சரக்கொன்றையின் அடியில், மஞ்சள் பூசிய கல்லுக்கு ஒரு முழம் தள்ளி, ஓர் ஆமை நின்றிருந்தது. மரத்தைச் சுற்றிலும் விரல் நுழைகிற துளைகள். ஒவ்வொரு துளையிலிருந்தும் கறுப்பாக நீர் வடிந்து காய்ந்திருந்தது. பெரிய மரம், ஒரு தடவையில் சாகாது. அதனால் ஆமைகள் முறைவைத்து வந்துகொண்டிருந்தன. மேலே பாதிக் கிளைகளில் இலை இல்லை.

"எடு," என்று மூச்சு வாங்கச் சொன்னாள் தாரணி. ஊசி நீண்டது.

நிறுத்து என்று கத்த வாயெடுத்தான். வாயில் கல் இருந்தது. கத்தினாலும் அவன் குரலுக்கு அது நிற்காது. காலால் எத்தினான். நிற்கவில்லை. ஓட்டுக்கடியில் இரண்டு கைகளையும் கொடுத்து மல்லாக்கப் புரட்டினான். ஆறு கால்களும் ஆகாயத்தில் நடந்தன. ஊசியிலிருந்து மருந்து பீச்சியது.

"எடு. எடு. எடு."

சடையன் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு கல்லுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். அதன் பேட்டரி மூடியைத் திறக்க நவநீதனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பேட்டரியைக் கழற்றியதும் குரல் நின்றது.

ஓடைக்கு அந்தப் பக்கம் போய்க் கல்லைத் துப்பிய பிறகுதான் சடையன் பேசினார். "அம்மிணி கடைசியாக் கை வெச்சது அந்த மரத்துலதானுங். பொத்துனாப்புல உள்ளங்கைய வெச்சுட்டு நின்னுச்சு. அந்நேரந்தான்..."

விஷாகனுக்குப் போன் செய்தான்.

"பாக்கறேன் ப்ரோ... ஆமா, கடைசித் தொடல் அதுதான். படம் கறுப்பா இருக்கு. உள்ளங்கையை வெச்சதுல கேமரா மறைஞ்சிருச்சு. படம் இல்லைன்னா, பக்கத்துல எது ஜாஸ்தியோ அதுன்னு எடுத்துக்கும். சுத்தி எல்லாம் மஞ்சக்கொன்னை. சாரி ப்ரோ. அந்தப் பத்துல ஒண்ணு."

"அதை மட்டும் திருத்த முடியுமா?"

"அந்த ஒரு மரத்தைத் திருத்தலாம், மறுபடி அக்காவைப் பேச வெச்சு. 'இருக்கட்டும்'னு சொல்ல வெச்சிரலாம். மத்த இடத்துல எவ்வளவு கொன்றை போச்சுன்னு இப்பத் தெரியாது. அது போகப் போகத்தான்."

"நான் சம்மதத்தைத் திரும்ப வாங்கினா?"

"அப்ப எல்லாமே நின்னுரும். அவங்க நிசமாப் பேசினது, நாம செஞ்சது, ரெண்டும் இப்பக் கலந்துருச்சு, பிரிக்க முடியாது. மொத்தமா அழிக்கணும்னுதான் சட்டம். அவங்க குரல்ல ஒரு சொல்லுகூட எங்ககிட்ட மிச்சம் இருக்காது ப்ரோ. உங்க போன்ல ஏதாவது இருக்கா?"

இல்லை. ஒரே வீட்டில் இருக்கிறவர்கள் ஒருவருக்கொருவர் குரல் அனுப்பிக்கொள்வதில்லை.

ஹெலன் நேரிலேயே வந்தார். அவரும் உட்காரவில்லை, சடையனைப் போலவே.

"ஒரு மரம் நவநீதன். நான் வேணும்னா ஊர்க்காரங்ககிட்ட வந்து கையெடுத்துக் கும்பிடறேன். இதை நிறுத்தினா ரெண்டு மழையில கொன்னை திரும்ப வந்துரும். இல்லைன்னா புல்டோசர் வரும். ரெண்டுல ஒண்ணு நிச்சயம். தாரணி இதுக்குத்தானே இவ்வளவு நடந்தாங்க. அவங்க இருந்தா என்ன சொல்லியிருப்பாங்கன்னு யோசிங்க."

"அதைத்தான் மேடம் நாம எல்லாருமாச் சொல்லிட்டு இருக்கோம்."

"புரியலை."

"அவ அங்க ஒண்ணும் சொல்லலை. முதல்ல 'இருக்கட்டும்'னு சொன்னதா எடுத்துக்கிட்டோம். அப்புறம் 'எடு'ன்னு சொல்ல வெச்சோம். இப்ப மறுபடி 'இருக்கட்டும்'னு சொல்ல வைக்கலாம்கறாங்க. அவ வாயில கல்லு இருந்துச்சு மேடம். அவ்வளவுதான்."

ஹெலன் ஜன்னல் வழியாகக் கொட்டகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த மரம் பிழைக்காது," என்றார். "வேர் வரைக்கும் இறங்கியிருக்கும்."

"தெரியும்."

"மானும் போயிரும்."

"தெரியும் மேடம்."

அவர் போன பிறகு போனை எடுத்துத் திறந்தான். சம்மதம் கொடுக்க ஒரு பக்கம்தான் இருந்தது. திரும்பப் பெற நாலு பக்கம். நான்காவதில் கட்டைவிரலை வைத்தான்.

மறுநாள் காலையில் எழுந்து வெந்நீர் வைத்தான். பல் துலக்கினான். இரண்டு பாட்டில்களில் தண்ணீர் பிடித்தான். டீயைக் குடித்தான். பூட்ஸைத் தட்டினான். கொட்டகைக்குப் போய்ச் சார்ஜர்களைக் கழற்றினான். ஆமைகளின் முதுகில் விளக்கு எரிந்தது. பாடத்தைத் தேடிப் பார்த்தன. கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றாகக் காலை மடக்கிப் படுத்துக்கொண்டன. கொட்டகையில் ஒரு சத்தம் இல்லை. கூரைத் தகரத்தில் ஓர் அணில் ஓடியது.

வாசல்படியில் சடையன் உட்கார்ந்திருந்தார். நவநீதன் இரண்டாவது பாட்டிலை அவரிடம் நீட்டினான். வாங்கிப் பாதியைக் குடித்தார்.

"ஊர்ல என்ன சொல்றாங்க?"

"மரத்துக்குக் காரியம் பண்ணோணும்கறாங்க. பண்ணி முடிச்சாத்தான் கல்ல வேற எடம் மாத்த முடியும். நீங்களும் வரோணுமாம். அம்மிணி ஊட்டு ஆளுன்னு."

"வரேன்." படியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தான். "சடையண்ணா, அன்னைக்கு அவ கடைசியா என்ன சொன்னா? எங்க மாமியார்கிட்டச் சொன்னது வேண்டாம். நிசமாச் சொன்னது."

சடையன் பாட்டிலை மூடினார். மூடியை இறுக்கினார். மறுபடி திறந்தார்.

"அது ஒண்ணும் பெரிய பேச்சில்லீங் சாரு. ஓடையில நின்னு கையுறையக் கழட்டப் பாத்துச்சு. மழையில நனைஞ்சு கையோட ஒட்டிக்கிச்சு, வரலை. சரின்னு விட்டுருச்சு. கல்லெடுத்துக் கழுவுச்சு. வாயில போடறதுக்கு முன்னாடி எம்பக்கம் திரும்பிச் சொல்லுச்சு."

"என்னன்னு?"

"'இந்தக் காட்ட இன்னொரு நாளைக்குப் பாத்துக்கலாம்ணா. இன்னைக்குச் சும்மா கூட வரேன்.'"